அத்தியாயம் 3: நலமான தாடி ஓணானைத் தேர்ந்தெடுப்பதும் நோயைக் கண்டறிவதும்

கடைகளில் பியர்டெட் டிராகன் என்ற பெயரில் விற்கப்படும் தாடி ஓணான், ஆஸ்திரேலியாவின் உட்பகுதி வறள்நிலங்களைச் சேர்ந்தது. போகோனா விட்டிசெப்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நம் வேலியோரம் தலையாட்டும் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம்தான். முழு வளர்ச்சி அடைந்த தாடி ஓணான் வாலோடு சேர்த்து 40 முதல் 60 செ.மீ. நீளம் இருக்கும்; எடை பொதுவாக 300 முதல் 500 கிராம். நன்றாகப் பராமரித்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்காக வாங்கினால், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை அது உங்கள் வீட்டில் இருக்கும். அதற்குத் தயாரா என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இந்த விலங்கின் ஒரு குணத்தை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அது நோயை மறைக்கும். வெட்டவெளியில் தளர்ந்து கிடக்கும் ஓணானைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் உடம்புக்கு முடியாதபோதும் முடிந்தவரை இயல்பாகவே நடந்துகொள்ளும். நம் கண்ணுக்கு நோய் தெரியும் நேரத்தில் அது பல வாரங்களாக உள்ளே வளர்ந்திருக்கக்கூடும். அடுத்து, வீட்டில் வளரும் தாடி ஓணான்களுக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி தவறான விளக்கு, போதாத வெப்பம், பொருந்தாத உணவு ஆகியவற்றால் வருபவை. ஆகவே நல்ல விலங்காகப் பார்த்து வாங்கவும், சிறு மாற்றத்தையும் கவனிக்கவும் பழகிவிட்டால், அதன் ஆயுளின் பெரும்பகுதியை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள் என்றே பொருள்.

வாங்கும் முன்: சட்டம், மருத்துவர், கூண்டு

ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. ஆகவே வெளிநாடுகளில் விற்பனைக்கு வருபவை வளர்ப்புப் பண்ணைகளில் பிறந்தவையாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கும் அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. பட்டியல்களும் விதிகளும் மாறக்கூடியவை. வாங்கும் நேரத்தில் நடைமுறை என்ன என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் தாடி ஓணான் வளர்க்க அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்களில் உரிமம் பெற்றுத்தான் வளர்க்க முடியும். இந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அடுத்தது மருத்துவர். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் செய்வதில்லை. ஓணானை வாங்கிய பிறகு, அதுவும் நோய் வந்த இரவில், மருத்துவரைத் தேடி அலையக் கூடாது. உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ ஊர்வனவற்றைப் பார்ப்பவர் யார், அவரிடம் எக்ஸ்ரே வசதி உண்டா, எச்சப் பரிசோதனை செய்வாரா, ஞாயிற்றுக்கிழமை யாரை அழைப்பது என்பதை முன்பே கேட்டுக் குறித்து வையுங்கள். அப்படி ஒருவரும் எட்டும் தூரத்தில் இல்லையென்றால், இந்த விலங்கை வாங்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது கூண்டு. ஓணான் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டு தயாராகி, விளக்குகள் எரிந்து, வெப்பம் நிலைத்திருக்க வேண்டும். வளர்ந்த ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். வெயில் காயும் மேடையில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர் முனையில் 24 முதல் 29 டிகிரி, இரவில் 18 முதல் 24 டிகிரி என்ற அளவுகளை டிஜிட்டல் வெப்பமானியால் அளந்து பாருங்கள். யூவிபி கதிர் தரும் நீண்ட குழல் விளக்கு கட்டாயம் வேண்டும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் ஓணானின் உடல் போதிய வைட்டமின் டி3 தயாரித்து, உணவிலுள்ள கால்சியத்தை ஏற்றுக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் யூவிபி ஆற்றல் குறைந்துபோகும் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில், குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையாவது, குழலை மாற்ற வேண்டும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பத்தைவிட ஈரப்பதமே பெரிய சிக்கல். வறள்நிலத்து விலங்கான இதற்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும். நம் கடலோரக் காற்றில் அது பல மாதங்கள் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும். அதனால் முழுதும் மூடிய கண்ணாடித் தொட்டியைத் தவிர்த்து, இரு பக்கமும் காற்று புகும் கூண்டாக அமையுங்கள்.

யாரிடம் வாங்குவது

பெற்றோர் ஓணான்களைக் காட்டக்கூடிய, முட்டை பொரித்த தேதியைச் சொல்லக்கூடிய வளர்ப்பாளரிடம் வாங்குவதுதான் முதல் தேர்வு. கடையில் வாங்குவதானால் ஓணானைப் பார்ப்பதற்கு முன் கூண்டைப் பாருங்கள். ஒரே தொட்டியில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றனவா? பெரியதும் சிறியதும் கலந்திருக்கின்றனவா? காய்ந்த எச்சம் ஒட்டியிருக்கிறதா? குளிரூட்டிய கடையில் வெயில் காயும் விளக்கே இல்லையா? பல்லி, பாம்பு, ஆமை என்று பல நாட்டு விலங்குகளை அடுத்தடுத்து வைத்து, ஒரே கையால் எல்லாவற்றையும் தொடுகிறார்களா? இவற்றில் இரண்டுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், அங்குள்ள ஓணான் பார்க்க நன்றாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, கூரியரிலோ பேருந்துப் பார்சலிலோ வரவழைப்பதை அடியோடு தவிருங்கள். பயணச் சூட்டிலும் குளிரிலும் குஞ்சு வாடிப்போகும். அதோடு, நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் இழக்கிறீர்கள்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஏறக்குறைய 10 செ.மீ. நீளமும் சில கிராம் எடையும்தான் இருக்கும். அந்த வயதில் ஒரு நாள் உணவு தவறினாலும் உடல் சரியும். குறைந்தது எட்டு வாரம் நிறைந்த, 15 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள குஞ்சை வாங்குங்கள். முதன்முறையாக வளர்ப்பவருக்கு ஓராண்டு கடந்த ஓணான் இன்னும் ஏற்றது. வளர்ச்சிக் குறைகள் அதற்குள் வெளியே தெரிந்திருக்கும். ஆணா பெண்ணா என்பதும் உறுதியாகத் தெரியும்.

நிறத்துக்காக மயங்காதீர்கள். சில்க்பேக் என்று செதிலே இல்லாத ஒரு வகையை அதிக விலைக்கு விற்பார்கள். அதன் தோல் எளிதில் கிழியும், காயும், சட்டை உரிவதில் வாழ்நாள் முழுக்கத் தொல்லை இருக்கும். அந்த வகையை வாங்கினால் அதை உருவாக்கும் தொழிலும் வளரும்.

தலை முதல் வால் வரை: கடையில் செய்யும் பரிசோதனை

காலை நேரத்தில், விளக்கு எரிந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு போங்கள். குளிர்ந்திருக்கும் ஓணான் எப்படியும் மந்தமாகவே இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முதல் பத்து நிமிடம் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, வயிற்றையும் நான்கு கால்களையும் தாங்கியபடி எடுத்துப் பாருங்கள்.

*நடை.* நலமான ஓணான் முன்னங்கால்களை ஊன்றி மார்பை உயர்த்தி உட்காரும். நடக்கும்போது வயிறு தரையில் இழுபடாது. தாடையைத் தரையில் வைத்தே நகர்வது, பின்னங்காலை இழுப்பது, விரல்கள் துடிப்பது எல்லாம் கால்சியக் குறைவின் அடையாளங்கள்.

*கண்.* முழுதாகத் திறந்து, தெளிவாக, உங்கள் விரல் போகும் திசையெல்லாம் பின்தொடர வேண்டும். குழிவிழுந்த கண் நீர்ச்சத்துக் குறைவைக் காட்டும். நீர் வடிதல், பீளை, ஒரு கண்ணை மட்டும் மூடியிருத்தல் ஆகியவையும் கூடாது.

*மூக்கும் வாயும்.* மூக்குத் துளையில் சளி, நுரை, காய்ந்த பொருக்கு இருக்கக் கூடாது. இரு தாடைகளும் சரியாகப் பொருந்தி மூட வேண்டும். கீழ்த்தாடையை இரு விரலால் மென்மையாகத் தொட்டுப் பாருங்கள்; ரப்பர் போல வளைந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது. ஈறு வீக்கமோ வெண்மஞ்சள் படலமோ இருந்தால் வாய்ப்புண். இவற்றின் பற்களில் பெரும்பாலானவை தாடை எலும்போடு ஒட்டியவை; ஒருமுறை கெட்டால் மீண்டும் முளைக்காது.

*முதுகும் கால்களும்.* முதுகெலும்பு மேடு பள்ளம் இல்லாமல் நேராக ஓட வேண்டும். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம் இருந்தால் பழைய முறிவாகவோ எலும்பு நோயாகவோ இருக்கலாம்.

*விரல்களும் வாலும்.* நெருக்கடியான தொட்டியில் குஞ்சுகள் ஒன்றையொன்று கடித்து விரலையும் வால் நுனியையும் தின்றுவிடும். நம் வீட்டுப் பல்லிக்கு வால் மீண்டும் வளரும். தாடி ஓணானுக்கு வளராது. ஆறிப்போன பழைய காயம் உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் அந்தக் கடையின் பராமரிப்பை அது சொல்லிவிடும். விரலைச் சுற்றி நூல்போல இறுகிய பழைய தோல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*வாலின் அடிப்பகுதி.* கொழுப்பு சேரும் இடம் இது. உருண்டு திரண்டிருக்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டும் வாலடி ஒட்டியும் இருந்தால் நீண்ட நாளாகப் பட்டினி, குடற்புழு அல்லது வேறு நோய்.

*கழிவுத் துவாரம்.* சுத்தமாகவும் வீக்கமின்றியும் இருக்க வேண்டும். சுற்றிலும் எச்சம் ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு. தொட்டியில் புதிய எச்சம் கிடந்தால் அதையும் பாருங்கள். பழுப்பாக, உருவாக, கூடவே வெள்ளைக் கட்டியாக யூரேட் இருப்பது நல்லது. தண்ணீராகவும் கடும் நாற்றத்தோடும் இருந்தால் ஒட்டுண்ணி இருக்கக்கூடும்.

*தோல்.* கண்ணோரம், காதுத் துளை, அக்குள் ஆகிய இடங்களில் நகரும் சிறு கறுப்பு அல்லது சிவப்புப் புள்ளிகள் உண்ணிகள். மஞ்சளாகத் தடித்த திட்டு, கரிந்ததுபோன்ற பொருக்கு இருந்தால் அந்தத் தொட்டியிலுள்ள எதையுமே வாங்கக் கூடாது.

*தலையின் நிலை.* காரணமில்லாமல் தலையைப் பின்னுக்கு வளைத்து வானத்தைப் பார்த்தபடி இருப்பதும், நடக்கும்போது நிலை தடுமாறுவதும் நரம்பு மண்டலப் பாதிப்பின் அறிகுறிகள்.

கடைசியாக, உங்கள் முன்னால் உணவு தரச் சொல்லுங்கள். வெப்பம் சரியாக இருக்கும் தொட்டியில் நலமான குஞ்சு ஒரு சுவர்க்கோழியைக் கண்டால் தலையைத் திருப்பி, குறிபார்த்து, பாய்ந்து பிடிக்கும். பூச்சி மேலேறி நடந்தும் கண்டுகொள்ளாத குஞ்சை விட்டுவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: பொரித்த தேதி என்ன? தினமும் என்ன பூச்சி, எத்தனை, என்ன கீரை? கால்சியம் பொடி எத்தனை நாளுக்கு ஒருமுறை? யூவிபி விளக்கு எந்த வகை, எப்போது மாற்றியது? எச்சப் பரிசோதனை நடந்ததா? தாய், தந்தைக்கு அடினோ வைரஸ் பரிசோதனை செய்தீர்களா? நல்ல வளர்ப்பாளர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். எரிச்சல் அடைபவரிடம் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரக்கத்தால் மட்டும் வாங்காதீர்கள். மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நோஞ்சான் குஞ்சைப் பார்த்தால் மனம் பதறும். ஆனால் நீங்கள் கொடுத்த பணத்தில் அதே தொட்டிக்கு அடுத்த குஞ்சு வந்துவிடும். நோயுற்ற விலங்கைக் காப்பாற்ற விரும்பினால், மருத்துவச் செலவுக்கும் இழப்புக்கும் மனதைத் தயார் செய்துகொண்டு, வீட்டில் வேறு ஊர்வன இல்லாத நிலையில், தெரிந்தே செய்யுங்கள். முதல் ஓணானாக அதை வாங்க வேண்டாம்.

முதல் மூன்று மாதங்கள்

புது இடத்துக்கு வந்த ஓணான் முதல் வாரத்தில் குறைவாகச் சாப்பிடுவது இயல்பு. அந்த வாரத்தில் அதைக் கையில் தூக்கி விருந்தினருக்குக் காட்ட வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே ஓர் ஓணான் இருந்தால் புதியதைக் குறைந்தது 90 நாள் வேறு அறையில் வையுங்கள். பாத்திரம், துணி, இடுக்கி எல்லாமே தனி. பழையதை முதலில் கவனித்துவிட்டுப் புதியதிடம் போங்கள். தனிமைக் காலம் முடிந்த பிறகும் இரண்டையும் ஒரே கூண்டில் விடக் கூடாது. தாடி ஓணான் தனித்து வாழும் விலங்கு. ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பது பாசத்தால் என்று நாம் நினைப்போம். உண்மையில் வெயில் காயும் இடத்துக்கான போட்டி அது.

முதல் இரண்டு வாரத்துக்குள் அன்றைய எச்சத்தை ஒரு மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஓணானுக்கென்றே வைத்திருக்கும் டிஜிட்டல் தராசில் எடை போட்டு எழுதுங்கள். சாப்பிட்டது, எச்சம் கழித்தது, சட்டை உரித்தது ஆகியவற்றையும் குறியுங்கள். வளரும் குஞ்சின் எடை வாரா வாரம் ஏற வேண்டும். இரண்டு வாரம் ஏறாமல் நின்றாலும், வளர்ந்த ஓணானின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நோயை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த எடைக் கணக்குதான்.

நோய் போலத் தெரியும் இயல்புகள்

வெயில் காயும் மேடையில் வாயைத் திறந்தபடி இருப்பது உடற்சூட்டைத் தணிக்கும் வழி. ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்ல அசைப்பது பணிவைக் காட்டுவது. தலையை ஆட்டுவது, தாடியை உப்பிக் கறுக்கச் செய்வது, குறிப்பாக ஆண்களிடம், அதிகாரம் காட்டும் செய்கை. சட்டை உரிக்கும் முன் நிறம் மங்கிப் பசி குறையும். வளர்ந்த ஓணான்கள் ஆண்டில் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை இருட்டு மூலையில் படுத்து உறங்குவதும் உண்டு. அந்த உறக்கத்தில் எடை அதிகம் குறையாது. எடை சரிந்தாலோ, ஓராண்டு நிரம்பாத குஞ்சு இப்படிப் படுத்தாலோ, அதை உறக்கம் என்று விட்டுவிடாமல் நோயாகவே கருதிப் பரிசோதியுங்கள்.

நாள் முழுக்கத் தாடி கறுத்தே இருப்பது வேறு. அது வலியாகவோ அச்சமாகவோ இருக்கும். காரணத்தைத் தேட வேண்டும்.

அடிக்கடி வரும் நோய்கள்

*எலும்பு வளர்சிதை நோய்.* வீட்டு ஓணான்களை அதிகம் முடக்குவது இதுவே. யூவிபி விளக்கு இல்லாமையும், கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் மிகுந்த உணவும் காரணம். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதலில் விரல் துடிப்பு, நடுக்கம், ஏறுவதில் தயக்கம். பிறகு தாடை மென்மையாதல், கால் வீக்கம், முதுகு வளைதல், முறிவு, கடைசியில் செயலிழப்பு. தொடக்கத்தில் பிடித்தால் குணமாகும்; வளைந்த எலும்பு நேராகாது. தடுக்கும் வழி எளிது. சரியான விளக்கு, பூச்சியின்மேல் தூவும் கால்சியம் பொடி, நல்ல கீரை ஆகிய மூன்றும் போதும். பசலைக்கீரை, முளைக்கீரை போன்றவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும் என்பதால் அவற்றை எப்போதாவது மட்டும் கொடுங்கள். முருங்கைக்கீரை, பூசணி, செம்பருத்திப் பூ ஆகியவை நம்மிடம் எளிதாகக் கிடைப்பவை. ரசாயன மருந்து அடிக்காதவையாகப் பார்த்துக் கொடுங்கள்.

*குடல் அடைப்பு.* மணல், கற்பொடி போன்ற உதிரித் தளம், அளவுக்கு மீறிய பெரிய பூச்சி, போதாத வெப்பம், நீர்க்குறைவு ஆகியவற்றால் வருவது. எச்சம் கழிக்காமை, வயிறு உப்புதல், உணவு மறுப்பு, பின்னங்கால் பலவீனம் ஆகியவை அறிகுறிகள். கண்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது என்பது பொது விதி. மார்பளவு வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் கண் பார்வையிலேயே நிற்க வைப்பது உதவும். வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கால் இழுத்தால் காத்திருக்க வேண்டாம்.

*குடல் ஒட்டுண்ணிகள்.* காக்சிடியா என்ற ஒற்றைச் செல் உயிரிகளும் ஊசிப்புழுக்களும் பரவலானவை. நாற்றமடிக்கும் தளர்ந்த எச்சம், சாப்பிட்டும் இளைத்தல், குஞ்சின் வளர்ச்சி நின்றுபோதல் ஆகியவற்றால் தெரியும். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மருந்தையும் அளவையும் முடிவு செய்ய முடியும். நாய்க்கான குடற்புழு மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுப்பது ஆபத்து. சிகிச்சை நடக்கும்போது கூண்டைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் அதே முட்டைகளைத் தின்று நோய் திரும்பும்.

*அடினோ வைரஸ்.* குஞ்சுகளைத் திடீரென்று கொல்லும். சிலவற்றை மெலியவைத்து, கல்லீரலையும் நரம்பையும் தாக்கும். சில வளர்ந்த ஓணான்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் வைரஸைச் சுமந்து, எச்சத்தின் வழியாக மற்றவற்றுக்குப் பரப்பும். வைரஸை ஒழிக்கும் மருந்து கிடையாது. பிசிஆர் பரிசோதனையில் தெரியவரும். தொற்று உறுதியானால் அந்த ஓணானைத் தனியாக, நல்ல பராமரிப்பில் வைத்திருக்கலாம். இனப்பெருக்கத்துக்கு விடவோ விற்கவோ கூடாது.

*மூச்சுத்தொற்று.* குளிர்ந்த, ஈரமான, காற்றோட்டமில்லாத கூண்டில் வரும். குளிர்ந்த பக்கத்தில் இருக்கும்போதும் வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். கொறகொறவென்ற ஒலி, மூக்கில் சளிக் குமிழி தெரியும். மழைக்காலத்தில் மின்வெட்டு நீளும் ஊர்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

*மஞ்சள் பூஞ்சை.* நானிசியோப்சிஸ் என்ற பூஞ்சையால் வருவது. மஞ்சள் திட்டு பழுப்பாகி, பொருக்கு உதிர்ந்து புண்ணாகும். உள்ளுறுப்புவரை இறங்கக்கூடிய, மற்ற ஓணான்களுக்குத் தொற்றக்கூடிய கொடிய நோய். மஞ்சள், வேப்பெண்ணெய் என்று வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

*வால் அழுகல், விரல் இறுக்கம்.* உரியாத தோல் இறுகி இரத்த ஓட்டம் நின்றால் நுனி கறுத்து, காய்ந்து, மேல்நோக்கிப் பரவும். தோலைப் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தளர்த்துங்கள். கறுப்பு பரவினால் மருத்துவர் அந்தப் பகுதியை நீக்க வேண்டியிருக்கும்.

*முட்டை அடைப்பு.* ஆண் துணை இல்லாமலே பெண் ஓணான் முட்டையிடும். இரண்டு மூன்று நாள் ஓயாமல் தோண்டுவதும் உணவைக் குறைப்பதும் அதன் அடையாளம். ஈர மணலும் மண்ணும் கலந்து ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பிய பெட்டியைக் கொடுங்கள். தோண்டித் தோண்டி முட்டை வராமல் சோர்ந்து படுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

- கழிவுத் துவாரத்தில் சிவந்த சதை வெளியே பிதுங்கியிருத்தல். உப்புக் கரைசலில் நனைத்த சுத்தமான துணியால் அதை ஈரமாக வைத்தபடி கொண்டுசெல்லுங்கள்.
- பின்னங்கால் செயலிழத்தல், வலிப்பு, தொடர் நடுக்கம்.
- மூச்சு வாங்குதல், வாயில் நுரை.
- தூக்கினாலும் கண் திறக்காத சோர்வு.
- நிற்காத இரத்தக் கசிவு, தீக்காயம், எலும்பு முறிவு.
- மின்மினிப் பூச்சியைத் தின்றுவிட்டால். அமெரிக்காவில் மின்மினிகளைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்தது பதிவாகியுள்ளது. அந்த நஞ்சு இதயத்தைத் தாக்கும். பிள்ளைகள் தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைக் கூண்டில் போடக் கூடாது என்பதை வீட்டில் சட்டமாக்குங்கள். அவகாடோவும் நஞ்சுதான்.

கொண்டுபோகும்போது காற்றுத் துளையிட்ட பெட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பாக வைத்திருங்கள். எடை நோட்டு, புதிய எச்சம், கூண்டின் படம், விளக்கின் அட்டைப்பெட்டி, கொடுக்கும் பொடிகளின் டப்பாக்கள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். நோயின் காரணம் பெரும்பாலும் அந்தப் படத்திலும் அட்டைப்பெட்டியிலும் கிடைத்துவிடும்.

வீட்டாரின் நலம்

நலமான ஓணானின் குடலிலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். 2014இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் பரவிய சால்மொனெல்லா தொற்றுக்குத் தாடி ஓணான்களோடான தொடர்பே காரணம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். முத்தமிடக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் தோட்டத்திலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள். அங்கே அது பட்டினியிலோ காக்கையின் அலகிலோ சாகும். இருக்கும்வரை நம் ஓணான்களுக்கு நோயையும் பரப்பக்கூடும். பராமரிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படையுங்கள்.

இந்த அத்தியாயத்திலுள்ள பரிசோதனைப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒன்று பொருந்தவில்லை என்றாலும் வெறுங்கையோடு திரும்புங்கள். அடுத்த வாரம் வேறு இடத்தில் பார்க்கலாம். வாங்கிய பிறகு தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து அதைக் கவனியுங்கள், வாரம் ஒருமுறை எடை போடுங்கள், சந்தேகம் வந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். தனக்கு நோய் என்று சொல்லத் தெரியாத ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருபவர் அதற்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை இது.